இடஞ்சுழி

ஜூன் 15, சனி

அங்கீகார அலுவலகம் கொடுத்த பதிவேட்டில் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் இடம். 'ஓடியது', 'நின்றது', இரண்டில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். முப்பது நாள் தொடர்ந்து 'ஓடியது' விழுந்தால் அங்கீகாரம். அங்கீகாரம் இருந்தால்தான் காற்றாலையை விற்கலாம். காற்று இல்லாமல் சும்மா நின்றால் குற்றமில்லையாம். கழற்றுவதற்கோ பழுதுக்கோ நாமாக நிறுத்தினால் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்த நாச்சிமுத்து ஒரு டிக்கில் அடங்குகிற ஆளா? அதனால் உரக்கடையில் ஓசியாகக் கொடுத்த டைரியில் இதைத் தனியாக எழுதுகிறேன். பின்னால் எவனாவது வரலாறு எழுத வந்தால் உதவும்.

முப்பது வருடமாக ஊரான் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தேன். ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. இப்போதுதான் எனக்கென்று ஒரு பொருள்: நின்றவாக்கில் சுற்றும் காற்றாலை. மற்றவர்களின் காற்றாலை மூன்று இறக்கையை விரித்துக்கொண்டு காற்றைத் தேடித் தேடி முகம் திருப்பும். நம்முடையது கிரைண்டர் கல் மாதிரி நின்ற இடத்தில் சுற்றும். மொட்டை மாடி போதும். விளம்பரத் தாளில் நானே ஒரு வாசகம் எழுதினேன்: 'எந்தப் பக்கம் காத்தடிச்சாலும் நமக்கு லாபம்.' அச்சகத்துக்காரன் இது எந்தக் கட்சிக்கு என்று கேட்டான்.

படம் வரைந்தது எங்கள் கம்பெனி தமயந்தி. பதினோரு வருடமாக இருக்கிறாள். இறக்கை எவ்வளவு வளைய வேண்டும், காந்தம் எத்தனை, நட்டுக்குத் திருகு மரை எந்தப் பக்கம், எல்லாம் அவள் கணக்கு. ஆனால் "ஒரு காத்தாலை செய்யலாம் அம்மணி" என்று முதலில் வாயைத் திறந்தது யார்? நான். எனவே விண்ணப்பத்தில் 'வடிவமைப்பாளர் பெயர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். சந்தையில் தெரிந்த பெயராக இருக்க வேண்டுமில்லையா. அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "சரிங்கண்ணா" என்றாள். முழுச் சம்மதம்.

சோதனையை ஆடியில் வைத்துக்கொள்ளலாம், காற்றும் நன்றாக அடிக்கும், மண்டபமும் காலியாக இருக்கும் என்று அவள் சொன்னாள். படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிவதில்லை. ஆடியில் எவனாவது ஒரு காரியம் ஆரம்பிப்பானா? நாளைக்கு ஆனி இரண்டு, வளர்பிறை. நாளைக்கேதான்.

ஜூன் 16, ஞாயிறு. முதல் நாள்

பல்லடம் ரோட்டில் மச்சான் அவினாசியப்பனின் கல்யாண மண்டபம். மூன்றாவது மாடியின் மேலே ஏற்றிவிட்டோம். பூசணிக்காய் உடைத்தது நான். பிரேக்கை எடுத்துவிட்டது தமயந்தி. காற்று வந்தது, சுற்றியது, கீழே வரவேற்பு வாசலில் எட்டு விளக்கு எரிந்தது. தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாடியில் தூசி அதிகம், பெருக்கச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

ஓடியது.

ஜூன் 19, புதன்

காலையில் மண்டபத்தில் கல்யாணம். எட்டு மணிக்கு மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, உங்க மிசினு இடமா சுத்துதாமா?"

"காத்துக்குச் சுத்துது மச்சான். இடமென்ன வலமென்ன?"

"பொண்ணோட பெரியப்பன் ரோட்டுல நின்னு பாத்துட்டாரு. சாமிய வலமாச் சுத்துவாங்க, இடமாச் சுத்தறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? கருமாதிக்கு! தாலி கட்டற எடத்துக்கு மேல கருமாதிச் சுத்து சுத்துதுன்னு சத்தம் போடறாரு."

நேரில் போனேன். மாடியில் மச்சானும் நானும் காற்றாலையைப் பார்த்தபடி நின்றோம். "முன்பக்கம் பாருங்க, வலது கைப் பக்கமாத்தான போகுது?" என்றேன். மச்சான் அதற்கெல்லாம் மசியவில்லை. இறக்கை போகிற திசையிலேயே அதைச் சுற்றி நடக்கச் சொன்னார். நடந்தேன். அவரும் பின்னால் நடந்தார். ஒரு சுற்று முடிந்ததும், "இப்ப எந்தக் கை உள்பக்கம் இருக்குது?" என்று கேட்டார். இடது கை. சமையல்காரர் கரண்டியோடு படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று இறக்கைக்காரனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது மூஞ்சிக்கு நேராகச் சுற்றுகிறது, யாரும் அதைப் பிரதட்சணமாக நினைப்பதில்லை. நின்று சுற்றுவதுதான் வினை. ஜெர்மன்காரன் புத்தகத்திலும் டென்மார்க்காரன் புத்தகத்திலும் இது பற்றி ஒரு வரி இல்லையாம். பல்லடத்தில் கல்யாணம் நடத்திப் பார்த்திருந்தால் எழுதியிருப்பான்.

ஜூன் 21, வெள்ளி

தமயந்தியிடம் சொன்னேன். சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வலமாச் சுத்த வெக்க முடியுமா, முடியாதா?"

"முடியுங்கண்ணா. மேல் முனையும் கீழ் முனையும் ஒரே மாதிரிதான் செஞ்சிருக்கறன். தலைகீழாத் தூக்கி மாட்டுனா வலமாச் சுத்தும். ஆனா..."

அதற்குள் எனக்குப் போன் வந்துவிட்டது. பேசி முடித்துத் திரும்பினால் லேத் பக்கம் போய்விட்டாள். ஒரு பெரிய ஆனாவாக இருந்தால் அவளே வந்து சொல்லியிருப்பாள்.

ஜூன் 24, திங்கள்

இரண்டு கல்யாணம் கை நழுவிவிட்டதாம். வியாழக்கிழமை பெரிய இடத்துக் கல்யாணம். "அதுக்குள்ள ஒண்ணு வலமாச் சுத்தோணும், இல்லீன்னா எறக்கிப்போடுங்க மாப்ளே" என்று மச்சான் முடிவாகச் சொல்லிவிட்டார். இறக்கினால் முப்பது நாள் போய்விடும். முப்பது நாள் போனால் இந்த வருடக் காற்று போய்விடும்.

தமயந்தி நாலு நாள் லீவு கேட்டாள். பூனாவில் சொந்தக்காரர் கல்யாணமாம். கையில் சர்டிபிகேட் ஃபைல் வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போக அது எதற்கென்று தெரியவில்லை. ரயிலில் இப்போது என்னென்னவோ கேட்கிறார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் ஈ காக்கை இருக்காது. வெல்டர் அந்தோணியையும் நாலு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்க் காற்றாலையைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். காலை பத்து முதல் ஒரு மணி வரை.

"அக்கா வரட்டுங்கண்ணா, கேட்டுட்டுப் பண்ணிக்கலாம்" என்று அந்தோணி நாலு தடவை சொன்னான். முதலாளி யார், அக்காவா நானா என்று கேட்டேன். பதில் சொல்ல யோசித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

பதிவேட்டில் எதற்கு டிக் போடுவது என்று கொஞ்சம் குழப்பம். மூன்று மணி நேரம் நின்றது உண்மை. இருபத்தொரு மணி நேரம் ஓடியதும் உண்மை. இந்த நாட்டில் பெரும்பான்மைக்குத்தான் மதிப்பு. 'ஓடியது.'

ஜூன் 27, வியாழன்

வலமாகச் சுற்றுகிறது! கல்யாணத்துக்கு வந்தவர்கள் ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். திருப்பூர் பக்கத்து மண்டபக்காரர் மூன்று பேர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். ஒரு நகைக்கடைக்காரர், தங்கக் கலரில் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன்.

"கரண்டும் வருங்களா?"

"அதுவும் வரும்."

புது விளம்பரத் தாள் அடிக்கக் கொடுத்துவிட்டேன்: 'உலகின் முதல் வலஞ்சுழிக் காற்றாலை.' அச்சகத்துக்காரன் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்று வேண்டும் என்றான். சந்தையைப் புரிந்துகொள்வது என்றால் இதுதான். அது வரைபடத்தில் வருவதில்லை.

ஜூன் 29, சனி

தமயந்தி வந்துவிட்டாள். எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். நன்றாக ஓடுகிறது என்றேன். திருப்பியதைச் சொல்ல நினைத்தேன், அப்போது பார்த்து டீ வந்துவிட்டது.

ஒரு கவர் கொடுத்தாள். லீவு லெட்டராக இருக்கும். போய் வந்த பிறகு லீவு லெட்டர் கொடுக்கிற ஒழுங்கு இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது? மேசை மேல் வைத்திருக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

மாடியைப் பார்வையிட்டேன். 'டிக், டிக்' என்று இதமாக ஒரு சத்தம் கேட்கிறது. கோயில் மணி மாதிரி இருக்கிறது என்று மச்சானுக்கு ரொம்பச் சந்தோஷம்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நட்டு கிடந்தது. பந்தல்காரன் எவனோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நல்ல கனம். பட்டறைக்குக் கொண்டுவந்து ஒரு போல்ட்டை மாட்டிப் பார்த்தேன், ஏறவேயில்லை. மரை செத்துப்போன நட்டு. தமயந்தியின் கவர் காற்றில் பறந்துகொண்டே இருந்தது, அதன் மேல் வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

ஓடியது. விசாரித்துப் பதினேழு போன்.

ஜூலை 8, திங்கள். இருபத்து மூன்றாம் நாள்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதரைக்குத் தமயந்தி என் அறைக்கு வந்தாள். "கவர் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டவள் மேசையைப் பார்த்தாள். நட்டைக் கையில் எடுத்தாள். விரலை உள்ளே விட்டு மரையைத் தடவினாள்.

"இது எங்க கெடைச்சுதுங்கண்ணா?"

"மண்டபத்து மாடில. செத்த நட்டு அம்மணி, போல்ட்டே ஏறல."

"இடது மரைங்கண்ணா இது. சாதா போல்ட்டு எப்படி ஏறும்? நம்ம லாக் நட்டு, பெரிய நட்டு கழலாமப் புடிக்கறது." பிறகு குரல் மாறியது. "யாரு திருப்புனது?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். அவள் ஸ்கூட்டரின் பின்னால் நான் உட்கார்ந்தேன். போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே ஓட்டினாள், காற்றில் பாதிதான் கேட்டது. சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் ஏன் மரையை மாற்றி வெட்டுகிறான், மிதிக்க மிதிக்க இறுகட்டும் என்றுதானே? காற்றாலை இடமாகச் சுற்றும் என்று அதற்கேற்றபடி மரை வெட்டியிருந்தாளாம். இடமாகச் சுற்றினால் இறுகும், வலமாகச் சுற்றினால் கழலும். பதிமூன்று நாளாகக் கழன்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு அவள் சொல்ல வந்த ஆனா இதுதான்.

மண்டபத்தில் முகூர்த்த நேரம். மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். பந்திக்கு நின்ற கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படியேறி ஓடினாள். நான் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பிரேக்கை இழுத்துப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். காற்றாலை முனகிக்கொண்டே நின்றது. உச்சியில் பெரிய நட்டு மூன்று விரல் உயரம் மேலே வந்து, கடைசி இரண்டு மரையில் நின்றுகொண்டிருந்தது. அதன் பிடியில் இருந்தது தொண்ணூறு கிலோ. கீழே தகரக் கூரை போட்ட பந்தி. அறுநூறு பேர்.

அப்படியே தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் ஓடி வந்தார். "தாலி கட்டற நேரத்துல நிறுத்தறதா? இடமாச் சுத்துனாக்கூடப் பரவால்ல மாப்ளே, நிக்கக் கூடாது! நிக்கறது அதவிட அபசகுனம்!" நட்டைக் காட்டினேன். அதற்கப்புறம் அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

தமயந்தியும் அந்தோணியும் பழையபடி திருப்பி மாட்டினார்கள். மதியம் முதல் இடமாகச் சுற்றுகிறது. மச்சான் இப்போது கேட்பவர்களிடம், தெற்கே பார்த்த மண்டபத்துக்கு இடம்தான் விசேஷம் என்று சொல்லிக்கொள்கிறார்.

பதிவேட்டைத் திறந்தேன். தமயந்தி தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"நின்னுதுன்னு போடுங்கண்ணா."

"போட்டா இருபத்தி மூணு நாளும் போச்சு அம்மணி. இன்னும் ஆறு நாள்."

"நின்னுதுங்கண்ணா."

அவள் போன பிறகு 'ஓடியது' என்று இரண்டு டிக் போட்டேன்.

அப்புறம் கவரைப் பிரித்தேன். லீவு லெட்டர் இல்லை. பூனாவில் வேலை கிடைத்திருக்கிறதாம், பத்தாம் தேதியோடு நின்றுகொள்கிறாளாம். அப்படியென்றால் நாளை.

ஜூலை 10, புதன்

வழியனுப்பு விழா நடத்தினோம். மிக்சர், ஜாங்கிரி, கம்பெனி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம். அந்தோணி அழுதான். நானும் நாலு வார்த்தை பேசினேன். திறமைசாலிகளுக்கு நம் கம்பெனி எப்போதும் ஓர் ஏணி என்று சொன்னேன். தமயந்தி கைகூப்பினாள். "பிரேக்குக்கு வாராவாரம் கிரீஸ் வெக்கச் சொல்லுங்கண்ணா" என்றாள், அவ்வளவுதான்.

வீட்டில் என் மனைவி மரகதம் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் புள்ள பேரப் போட்டிருந்தீங்கன்னா போயிருக்குமா?"

குழம்பில் உப்பு அதிகம். சாப்பிட முடியவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஓடியது.

ஜூலை 15, திங்கள். முப்பதாம் நாள்

பதினோரு மணிக்கு ஆய்வாளர் ஞானசேகரன் வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். இளநீர் வேண்டாம் என்றார், சாப்பாடும் வேண்டாமாம். வெட்டிய இளநீரை நானே குடித்தேன்.

பதிவேட்டைப் புரட்டினார். முப்பது டிக். தலையாட்டினார். விளம்பரத் தாளைப் படித்தார், மேலே பார்த்தார்.

"வலஞ்சுழின்னு போட்டிருக்கீங்க. இடமா சுத்துதே?"

"அது அச்சுப் பிழைங்க சார்."

அதையும் எழுதிக்கொண்டார். "கடைசியா ஒரே ஒரு கேள்விதான். காத்து எவ்வளவு வேகத்துக்கு மேல போனா இதை நிறுத்தணும்? வடிவமைப்பாளர் நீங்கதானே, சொல்லுங்க. எழுதிட்டு கையெழுத்துப் போட்டுர்றேன்."

எனக்குத் தெரியவில்லை. வயரிங் செய்தவரிடம் ஒரு சந்தேகம் கேட்டுச் சொல்கிறேன் என்று தமயந்திக்குப் போன் போட்டேன். மாடிக் காற்றில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். அது என் புத்தி.

"அம்மணி, காத்து எவ்வளவு வேகத்துல அடிச்சா நிறுத்தோணும்?"

"யாருங்கண்ணா கேக்கறாங்க?"

"ஆய்வாளர் சார் பக்கத்துல நிக்கறாரு."

"வடிவமைப்பாளர்னு யாரு பேரு போட்டிருக்குதோ, அவரக் கேக்கச் சொல்லுங்கண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆய்வாளர் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றார். நாற்பது என்று சொல்லலாம். ஐம்பது என்றாலும் எழுதிக்கொள்வார், அவருக்கென்ன தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கீழே அடுத்த கல்யாணத்துக்குப் பந்தியில் மேசை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தத் தகரக் கூரையைப் பார்த்தேன்.

"சார், இதை வடிவமைச்சது நானில்லைங்க" என்றேன். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. ஜூன் இருபத்தைந்து, ஜூலை எட்டு, ஒன்பது, மூன்று டிக்கையும் நானே காட்டிக் குறுக்கே கோடு போட்டேன். நட்டுக் கதையையும் சொன்னேன். அவமானமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சின்னப் பையன் முன்னால் கண் கலங்கி நின்றேன்.

அவர் திட்டவில்லை. "அப்ப புது விண்ணப்பம், திரும்ப முப்பது நாள். நாளன்னைக்கு ஆடி பொறந்துரும், பரவாயில்லையா?"

"ஆடில நல்லாக் காத்தடிக்குங்க சார். மண்டபமும் காலியா இருக்கும்" என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

பையிலிருந்து புதுத் தாளை எடுத்துக் கொடுத்தார். தொட்டி மேல் வைத்து எழுதினேன். வடிவமைப்பாளர் பெயர்: தமயந்தி.

"இனிஷியல்?" என்றார்.

பேனா அப்படியே நின்றுவிட்டது. மச்சானின் கொள்ளுத்தாத்தா பெயர் எனக்குத் தெரியும். அந்தோணியின் மாமனார் பெயர் தெரியும். அச்சகத்துக்காரன் எந்த ஊர், எந்த வீட்டில் பெண்ணெடுத்தான் என்பதெல்லாம் தெரியும். பதினோரு வருடம் தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் வெறும் 'தமயந்தி' என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளுடைய அப்பா பெயர் எனக்குத் தெரியாது. இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது.

மறுபடி போன் போட்டேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள்.

"அம்மணி, உங்கப்பா பேரு என்ன?"

"எதுக்குங்கண்ணா?"

"விண்ணப்பத்துல எழுதோணும். வடிவமைப்பாளர்னு இருக்கற கட்டத்துல."

காற்றாலைச் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"மருதாசலங்கண்ணா."

எழுதினேன்.

"என்னன்னு எழுதியிருக்கீங்க? படிங்கண்ணா."

"ம. தமயந்தி."

"இன்னொருக்கா படிங்க."

படித்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பதினெட்டுங்கண்ணா" என்றாள். "நொடிக்குப் பதினெட்டு மீட்டர் தாண்டிச்சுன்னா நிறுத்திப்போடுங்க."